முன்தோல் மீட்பில் எழும் வாடை: சோப்பைத் தொடுமுன் கவனிக்க வேண்டியவை

முன்தோல் மீட்பை, அதாவது நீக்கப்பட்ட முன்தோலுக்கு ஈடாகத் தோலை இழுத்து வளர்ப்பதை, தொடங்கியவர்கள் முதல் சில மாதங்களில், தோல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைவிட, முன்பு இல்லாத இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், கேட்காமலேயே சோப்பை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். எரிச்சல், சிவப்பு, வெடிப்பு என்று பாதித் தொல்லைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வாடை வந்தால் முதலில் தேட வேண்டியது அழுக்கை அல்ல, ஈரத்தை என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட விஷயம். எந்த இடத்தில் ஈரம் தங்குகிறது, அது உடம்பிலா, தோலை இழுக்க அணியும் சாதனத்திலா, துணியிலா என்று கண்டுபிடித்துவிட்டால், மீதி வேலை பெரும்பாலும் தண்ணீராலும் மென்மையான துணியாலும் முடிந்துவிடும்.

எனக்குச் சிறு வயதில் முன்தோல் இறுக்கத்துக்காக அறுவை செய்தார்கள். சிறுநீர் கழிக்கும்போது தோல் உப்பிக்கொள்கிறது என்று அம்மா மருத்துவரிடம் அழைத்துப்போக, அன்றைய வழக்கப்படி அது நீக்கப்பட்டது. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஏதும் இருந்ததில்லை. வேலைக்காக ஹூஸ்டனுக்கு வந்த பிறகுதான், நீக்கப்பட்ட முன்தோலைத் தோலை இழுத்து வளர்த்து ஓரளவு ஈடுசெய்ய முடியும் என்பதையும், அதைப் பல ஆண்டுக்காலமாகச் செய்துவருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதையும் அறிந்தேன். அமெரிக்காவில் இது பரவியதற்குக் காரணம் எளிது. இங்கே மதத்தோடு தொடர்பில்லாமலேயே பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் முன்தோலை நீக்கிவிடுவது நெடுங்கால வழக்கம். அரசின் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவமனையில் பிறந்த ஆண் குழந்தைகளில் 1979-இல் 64.5 விழுக்காட்டினருக்கும், 2010-இல் 58.3 விழுக்காட்டினருக்கும் இது செய்யப்பட்டிருக்கிறது. அவர்களில் சிலர் வளர்ந்த பின் வேறுவிதமாக நினைத்தார்கள்; 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஒருவருக்கொருவர் உதவும் குழுக்களும் உருவாயின. சமய நம்பிக்கையால் சுன்னத் செய்துகொள்கிறவர்களைப் பற்றியோ, நீக்குவது சரியா தவறா என்பதைப் பற்றியோ நான் இங்கே எதுவும் சொல்ல வரவில்லை. மீட்பில் இருக்கிறவர்களுக்கு உடம்பைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றி மட்டுமே இந்தப் பதிவு.

ஆணுறுப்பின் தண்டுத் தோலை மிதமான விசையுடன் நாள்தோறும் சில மணி நேரம் இழுத்துவைத்தால், அந்த இழுவிசைக்கு ஈடுகொடுத்துப் புதிய செல்கள் உருவாகித் தோலின் பரப்பு கூடுகிறது. ஒட்டறுவை நிபுணர்கள் தோலுக்கடியில் பையை வைத்து உப்பவைத்துக் கூடுதல் தோலை வளர்ப்பதும் இதே அடிப்படையில்தான். கையால் இழுப்பவர்கள் உண்டு. மருத்துவ ஒட்டுநாடாவைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. சிலிகான் கூம்பு, எலாஸ்டிக் பட்டை, எடைக்கட்டி என்று சாதனங்களை அணிபவர்களும் உண்டு. எந்த வழியாக இருந்தாலும் பலன் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே சுத்தம் பற்றிய பழக்கங்களும் ஆண்டுக்கணக்கில் தாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும். ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்துவிட்டு விட்டுவிடும் வைத்தியம் இதற்கு உதவாது.

வாடை ஏன் புதிதாக வருகிறது என்றால், ஆணுறுப்பின் நுனியான மொட்டுப் பகுதியின் சூழலே மாறுகிறது என்பதுதான் பதில். பல ஆண்டுகளாகக் காற்றும் உள்ளாடைத் துணியும் பட்டுப் பழகி உலர்ந்திருந்த இடம், தோலோ கூம்போ மூடிக்கொண்டதும் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் ஆகிறது. அதுவரை துணியோடு உராய்ந்து நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்த இறந்த செல்கள், இப்போது அங்கேயே தங்குகின்றன. அவற்றோடு தோலின் கொழுப்பும் ஈரமும் சேர்ந்து வெண்மையான, சற்றே பிசுபிசுப்பான படிவு உண்டாகிறது. ஆங்கில மருத்துவத்தில் இதற்கு ஸ்மெக்மா என்று பெயர். முன்தோல் உள்ள எல்லா ஆண்களுக்கும் இது இயல்பாக உண்டாவது. சிறு வயதிலேயே முன்தோலை இழந்தவருக்கு இதைப் பார்த்த பழக்கம் இல்லாததால், முதல்முறை பார்க்கும்போது சீழ் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார். மொட்டின் விளிம்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிவதும், வலியோ சிவப்போ இல்லாமல் இருப்பதும், தண்ணீர் பட்டு விரலால் தடவினால் வழுக்கிக்கொண்டு போய்விடுவதும் இயல்பான படிவின் அடையாளங்கள். அன்றே கழுவினால் அதில் சொல்லிக்கொள்ளும்படி வாடை இருக்காது. ஓரிரு நாள் விட்டுவிட்டால் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கத் தொடங்கி, பாலாடைக்கட்டியை ஒத்த புளித்த வாடை வரும்.

இதில் மீட்பில் இருக்கிறவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. பிறவி முன்தோலின் உட்புறம் வழவழப்பான சவ்வுத் தன்மை கொண்டது. நாம் வளர்ப்பதோ பெரும்பாலும் தண்டின் வெளித்தோல். அதில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் இருக்கின்றன. அந்தத் தோல் முன்னுக்கு வந்து உட்புறமாக மடியும்போது, வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மடிப்புக்குள்ளேயே சுரக்கின்றன. இதைவிடக் கவனிக்க வேண்டியது பழைய தழும்பு. நல்ல வெளிச்சத்தில் தழும்புக் கோட்டை மெல்ல விரித்துப் பார்த்தால், சிலருக்குத் தையல் போட்ட இடங்களில் குண்டூசித் தலை அளவுக்குச் சிறு புள்ளிகள் தெரியும். தையல் நூல் இருந்த வழியாகத் தோல் உள்ளே வளர்ந்து நுண்ணிய குழாய்போல் நின்றுவிட்ட இடங்கள் அவை. அவற்றுக்குள் இறந்த செல்கள் அடைந்து, லேசாக அழுத்தினால் வெள்ளையாக ஒரு துளி வெளிவரும். அந்த ஒரு துளிக்கு உள்ள முடைநாற்றம் மற்ற இடம் முழுவதற்கும் சேர்த்து இருக்காது. எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஊசியால் குத்துவதோ நகத்தால் பிதுக்குவதோ வேண்டாம். குளியலின்போது வெதுநீரில் தோல் இளகியிருக்கையில் விரல் வயிற்றால் மென்மையாக அழுத்திக் கழுவினால் போதும். தொடர்ந்து வீங்கினாலோ வலித்தாலோ சிறுநீரக அறுவை மருத்துவர் அந்தக் குழாயைத் திறந்து சரிசெய்துவிடுவார்.

இனி சோப்புக்கு வருகிறேன். மதுரையில் எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான தோல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். ஒரு கோடையில் மொட்டுப் பகுதி சிவந்து எரிந்தபோது அவரிடம் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னேன். அவர் சற்றும் தயங்காமல், “தம்பி, அது சட்டியில்ல, சுரண்டிக் கழுவறதுக்கு. தண்ணிய விடுங்க, ஒத்தி எடுங்க, அப்புறம் அதைச் சும்மா விடுங்க” என்றார். அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. மொட்டு அழற்சி திரும்பத் திரும்ப வந்த ஆண்களை ஆராய்ந்து 1993-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது கிருமித்தொற்று அல்ல, தோலெரிச்சல் என்று தெரியவந்தது. அவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்களாகவும் இருந்தார்கள். தோல் இயல்பில் சற்றே அமிலத் தன்மை கொண்டது. சாதாரணக் கட்டி சோப்போ காரத் தன்மை கொண்டது. மூடியிருக்கும் மெல்லிய தோலில் சோப்பு முழுமையாக அலசப்படாமல் தங்கினால், காப்பான எண்ணெய்ப்பசை போய், தோல் வறண்டு, நுண்ணிய வெடிப்புகள் விட்டு, நீர் கசியும். அந்தக் கசிவு மறுபடி வாடையைக் கொடுக்கும். வாடை வந்ததும் மேலும் தேய்க்கத் தோன்றும். இந்தச் சுழலில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

நான் பின்பற்றும் முறை இதுதான். குளியலின் கடைசிக் கட்டத்தில், தலையிலும் உடம்பிலும் இருந்து வழிந்த ஷாம்பு, சோப்பு நுரை எல்லாம் அலசப்பட்ட பிறகு, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, தோலை வலிக்காத அளவுக்குப் பின்னுக்குத் தள்ளி, வெதுநீரை நேரடியாக ஓடவிட்டு, விரல் வயிற்றால் பள்ளத்தைச் சுற்றி ஒருமுறை தடவிவிடுவேன். ஷாம்பு நுரையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு: தலையிலிருந்து வழியும் நுரை உடம்போடு இறங்கி வந்து அந்த மடிப்பில்தான் தங்குகிறது, சோப்பே போடுவதில்லை என்று சத்தியம் செய்கிறவர்களுக்கும் எரிச்சல் வருவது சில நேரம் இதனால்தான். சோப்பு அவசியம் என்று படும் நாட்களில் மணமற்ற, சோப்பு கலக்காத கழுவு திரவத்தைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். நாளைக்கு ஒருமுறை போதும்; நல்ல வெயில் காலத்தில் இரண்டாம் முறை வெறும் தண்ணீர் மட்டும்.

கழுவுவதைவிட உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். ஈரத்தோடு தோலை முன்னுக்கு இழுத்துவிட்டு, அதன்மேல் சாதனத்தையும் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால், மாலையில் கழற்றும்போது தோல் ஊறி வெளுத்திருக்கும். அப்படி ஊறிய தோல் எளிதில் உரியும், கிருமிக்கும் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். பழைய பருத்தி வேட்டியிலிருந்து கிழித்த மென்மையான துண்டு ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். அதனால் ஒத்தி எடுத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டுத்தான் மற்ற வேலை. ஹூஸ்டனின் ஆகஸ்ட் மாதப் புழுக்கம் சென்னையின் புழுக்கத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதால், அந்த மாதங்களில் இரவில் சாதனம் எதையும் அணியாமல் தளர்ந்த கைலியோடு உறங்குவதே நல்லது. இதனால் வளர்ச்சி தடைப்படுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு என் கருத்து, புண்ணான தோலை எப்படியும் இழுக்க முடியாது என்பதுதான்.

வாடையில் பெரும் பங்கு சிறுநீருக்கும் உண்டு. கழித்து முடித்த பின்னும் சிறுநீர்க்குழாயின் வளைவில் சில துளிகள் நிற்கும். வயது ஏற ஏற இது கூடும். முன்பு அந்தத் துளிகள் உள்ளாடையில் பட்டு உலர்ந்துவிடும். இப்போது அவை தோல் மடிப்புக்குள் தேங்கி, பாக்டீரியாக்களால் யூரியா அம்மோனியாவாக மாறி, மாலை நேரத்தில் மூத்திர நெடியாக வெளிப்படும். கழித்த பின் விரைப்பைக்குப் பின்னால் உள்ள இடத்தை விரலால் மேல்நோக்கி அழுத்தி, முன்பக்கமாக மெல்ல நீவிவிட்டால் நின்ற துளிகள் வந்துவிடும். சிறுநீர் கழிக்கையில் தோலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் உதவும். கழித்த பின் தண்ணீர் விட்டுக் கழுவும் நம்மூர்ப் பழக்கம் இந்த விஷயத்தில் மிகச் சரியானது. இங்கே அலுவலகக் கழிப்பறைகளில் காகிதம் மட்டுமே இருப்பதால் சிறு தண்ணீர்ப் புட்டி ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். காகிதத்தால் துடைப்பதானால் தேய்க்காமல் ஒத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் காகிதத் துணுக்குகள் பிசுபிசுத்து மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு, அவையே அடுத்த வாடைக்கு மூலமாகிவிடும். துளை வைத்த சாதனங்களைக் கழற்றாமலேயே சிறுநீர் கழிக்கலாம் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் துளையின் ஓரத்தில் தங்கும் ஈரத்தை யார் துடைப்பது? கழற்றி, துடைத்து, மாட்டுவதற்குப் பொறுமை இல்லாத நாளில் அணியாமல் இருப்பதே மேல்.

உடம்பில் வாடையே இல்லாமல் சாதனத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. சாதனத்தைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே முகர்ந்து பார்ப்பது அருவருப்பாகத் தோன்றினாலும், குழப்பத்தை உடனே தீர்க்கும் சோதனை அது. சிலிகான் தோலின் எண்ணெயையும் அதோடு வாடையையும் நாளடைவில் உறிஞ்சிக்கொள்ளும். மணமற்ற பாத்திரம் கழுவும் திரவத்தால் தினமும் கழுவுவதும், உலோகப் பாகங்களையும் பட்டைகளையும் கழற்றிவிட்டு வாரம் ஒருமுறை சிலிகானை மட்டும் சில நிமிடம் கொதிநீரில் போட்டு எடுப்பதும், முழுமையாக உலர்ந்த பின்னரே மறுபடி அணிவதும் இதற்குத் தீர்வு. இரண்டு கூம்புகள் வைத்துக்கொண்டு நாள்மாற்றி அணிந்தால் உலரப் போதிய நேரம் கிடைக்கும். மஞ்சள் பூத்துப் பிசுபிசுப்பாக ஆனதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். பலரும் மறப்பது எலாஸ்டிக் பட்டையை. தோளிலோ முழங்காலிலோ மாட்டும் அந்தப் பட்டை நாள் முழுக்க வியர்வையைக் குடித்துக்கொண்டிருக்கும். “உங்க அந்தப் பட்டையத் தனியாத் துவைங்க, என் துணியோட போடாதீங்க” என்று என் மனைவி சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு வலைப்பை வந்தது.

ஒட்டுநாடாவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு தொல்லை. நாடாவின் பசை தோலில் தங்கி, அதில் துணித்தூசியும் செத்த செல்களும் ஒட்டிக் கறுப்பாக ஒரு வளையம் உண்டாகும். உலர்ந்த நாடாவை வெடுக்கென்று பிய்த்தால் மேல்தோலும் சேர்ந்து வரும். தேங்காய் எண்ணெயோ குழந்தை எண்ணெயோ தடவிச் சில நிமிடம் ஊறவிட்டுக் கழற்றினால் நாடாவும் பசையும் சேர்ந்தே வந்துவிடும். பிறகு எண்ணெயைத் துடைத்து, வெதுநீரால் அலசிவிடலாம். நாடா ஒட்டிய இடம் அதன் வடிவத்திலேயே சிவந்து அரித்தால் அது பசையின் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். அப்போது நாடா முறையையே விட்டுவிட வேண்டும்.

மணப்பொடி, வாசனைத் திரவியம், ஈரத்துடைப்பான், குளியல் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினி ஆகிய நான்கையும் இந்த இடத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது. பொடி ஈரத்தில் களியாகி மடிப்புக்குள் உருண்டைகளாக நிற்கும். கிருமிநாசினி பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரை துடைக்கவும் காயம் கழுவவும் ஒரே புட்டியைப் பயன்படுத்தி வளர்ந்தவர்கள், வாடை என்றதும் இரண்டு மூடி ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். அது அந்த மெல்லிய தோலைப் பொசுக்கிவிடும். தோல் வறண்டிருந்தால் வாசலின் போன்ற மணமற்ற களிம்பை மெலிதாகத் தடவலாம். ஆனால் வாசலின், தேங்காய் எண்ணெய் இரண்டுமே லேடெக்ஸ் ஆணுறையை நைந்துபோகச் செய்யும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தால், வாடையும் அரிப்பும் அங்கிருந்து வருவதை மீட்பின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவந்து தரும், ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்புகளைத் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். பூஞ்சை மட்டும் அடியில் பரவிக்கொண்டிருக்கும். மூடியிருக்கும் தோலில் ஸ்டீராய்டு கூடுதலாக உறிஞ்சப்பட்டுத் தோலையே மெலியவைக்கும். மருந்துக்கடைக்காரர் தரும் களிம்பைவிட மருத்துவர் எழுதித்தரும் களிம்பே மேல் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

வாடையின் தன்மை மாறுவதையும் கவனிக்க வேண்டும். புளித்த வாடை, மூத்திர நெடி இரண்டும் மேலே சொன்ன கவனிப்பில் சில நாட்களிலேயே குறைந்துவிடும். கழுவிய சில மணி நேரத்துக்குள் மீன் கவிச்சி போன்ற வாடை திரும்புவது, காற்றில்லாச் சூழலில் பெருகும் பாக்டீரியாக்களின் தொற்றாக இருக்கலாம். அதற்கு மாத்திரை தேவைப்படும். தயிர்த்திப்பி போன்ற படிவும் சிவந்த புள்ளிகளும் கடும் அரிப்பும் சேர்ந்து வந்தால், கேண்டிடா பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப வருகிறதென்றால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது கட்டாயம். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. மடிப்புக்குள் தேங்கும் ஒவ்வொரு துளியும் பூஞ்சைக்குத் தீனி. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் மீட்பைப் பற்றியும் சொல்லி முடிவெடுக்க வேண்டும்.

என்னைப்போல் மருத்துவக் காரணத்துக்காக அறுவை செய்துகொண்டவர்கள், மீட்பைத் தொடங்குமுன் அந்தக் காரணம் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல்நோயால் முன்தோல் வெளுத்துத் தடித்து இறுகியிருந்தால், மறுபடி மூடிய ஈரமான சூழலை உண்டாக்குவது அந்த நோயைத் தூண்டக்கூடும். பீங்கான்போல் வெளுத்த திட்டுகள், எளிதில் வெடிக்கும் தோல், சிறுநீர்த் துவாரம் சுருங்குதல் ஆகியவை தெரிந்தால் இழுப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறாத புண்ணும் இரத்தக் கசிவும் அப்படியே. சாதனம் அணிந்திருக்கும்போது மொட்டு மரத்துப்போவதோ, சில்லிடுவதோ, நீலம் பாரிப்பதோ வாடையைப் போல மறுநாள் பார்த்துக்கொள்ளும் விஷயமல்ல. அந்த நிமிடமே கழற்ற வேண்டும். கழற்றிய பின்னும் வீக்கம் வற்றாமலோ நிறம் திரும்பாமலோ இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வாடைக்காக மருத்துவரிடம் போகும் நாளில், தேய்த்துக் கழுவிவிட்டும் களிம்பு பூசிக்கொண்டும் போகக் கூடாது. பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியில் பிறகு எதுவும் தெரியாமல் போய்விடும். முந்தைய நாளே சாதனத்தைக் கழற்றிவிட்டால் அது உண்டாக்கிய சிவப்பு அடங்கி, உண்மையான நோய் மட்டும் கண்ணுக்குத் தெரியும். மீட்பு என்ற சொல்லை எல்லா மருத்துவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால், ‘தண்டுத் தோலை நீட்டுவதற்காக நாள்தோறும் இத்தனை மணி நேரம் சிலிகான் சாதனம் அணிகிறேன், இன்னின்ன களிம்பு தடவுகிறேன்’ என்று நேராகச் சொல்லிவிட்டால் போதும்; சாதனத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் அவர்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.